அமெரிக்க பிரைமரி: “இத்தனை மில்லியன் திரட்டினார்” என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

நெல்லைக்காரன் (எடிசன், நியூ ஜெர்சி)

வணக்கம். 2023-இல் இங்கே வேலைக்கு வந்தேன், எச்1பி விசா. போன தேர்தல் சமயத்தில் வீடு பார்ப்பது, லைசென்ஸ் எடுப்பது, கார் வாங்குவது என்று ஓடிக்கொண்டிருந்ததில் ஒன்றையும் கவனிக்கவில்லை. 2028 பிரைமரியையாவது முதலிலிருந்து பின்தொடர வேண்டும் என்று இருக்கிறேன்.

ஊரில் கட்சித் தலைமை வேட்பாளரை அறிவிக்கும், ஒரு நாள் ஓட்டு, இன்னொரு நாள் எண்ணிக்கை, முடிந்தது. இங்கே கட்சிக்குள்ளேயே மாநிலம் மாநிலமாக மாதக்கணக்கில் ஓட்டு நடக்கிறது. அதற்கும் ஒரு வருஷம் முன்னாலிருந்தே “இந்தக் காலாண்டில் இவர் இத்தனை மில்லியன் திரட்டினார்” என்று செய்தி வருகிறது. அதிகம் திரட்டியவர்தான் ஜெயிப்பாரா? இல்லையென்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், பிடித்த வேட்பாளருக்கு நானும் பத்து இருபது டாலர் கொடுக்கலாமா?

அயோவா அக்கா

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் மாட்டிக்கொள்வீர்கள். கொடுக்கக் கூடாது. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மட்டும்தான் கொடுக்கலாம். எச்1பியில் இருக்கும் ஒருவர் ஒரு டாலர் கொடுத்தாலும் சட்டப்படி தப்பு. நண்பரைக் கொடுக்கச் சொல்லிவிட்டு அவர் கையில் பணத்தைத் தந்தால் அதுவும் குற்றம். ஆனால் சம்பளம் வாங்காமல் உழைப்பைக் கொடுக்கலாம். 2007-இல் நானும் எச்1பியில்தான் இருந்தேன், அதைத்தான் செய்தேன்.

இனி கணக்குக்கு வருகிறேன். நான் அயோவா மாநிலத்தில் டி மாய்ன் பக்கம் இருபது வருஷமாக இருக்கிறேன், தொழிலே கணக்கு எழுதுவதுதான். நீங்கள் சொல்லும் “இத்தனை மில்லியன்” வெறும் வரவு. ஒரு கடையின் நிலைமையை வரவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது இல்லையா? அதே மாதிரிதான். ஜனாதிபதி வேட்பாளர்கள் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்திடம் படிவம் 3பி என்று ஒன்றைத் தாக்கல் செய்வார்கள். அதில் சுருக்கப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 6-ஆவது வரியில் ஆரம்பக் கையிருப்பு, 7-இல் வரவு, 9-இல் செலவு, 10-இல் முடிவில் கையிருப்பு, 12-இல் அவர்கள் தர வேண்டிய கடன். நான் எப்போதும் 10-இல் தொடங்கி 12-க்குப் போய், அப்புறம்தான் 7-ஐப் பார்ப்பேன்.

கையிருப்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் ஒரு வேட்பாளருக்குக் கொடுக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2008-இல் அது பிரைமரிக்கு 2,300 டாலர், பொதுத் தேர்தலுக்குத் தனியாக இன்னொரு 2,300. (2025-26 சுழற்சியில் தேர்தலுக்கு 3,500.) இரண்டையும் சேர்த்து 4,600-க்கு ஒரே காசோலை கொடுத்தால், அதில் பாதியைப் பிரைமரி முடியும்வரை தொடக் கூடாது. 2008 ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஹிலாரி கிளிண்டனும் ஒபாமாவும் மோதினார்கள். 2007 முழுக்க கிளிண்டனின் வரவு மலை மாதிரி இருந்தது. அதில் பெரிய பங்கு இப்படி உச்சவரம்பு வரை கொடுத்தவர்களுடையது. அவர்களிடம் மறுபடி போய்க் கேட்க முடியாது. ஒபாமா பக்கம் இருபத்தைந்து, ஐம்பது என்று கொடுத்தவர்கள் ஏராளம், அவர்களிடம் அடுத்த மாதமும் கேட்கலாம். 2008 ஜனவரியில் ஒபாமாவுக்கு 32 மில்லியன் டாலர் வந்தது, பிப்ரவரியில் 55 மில்லியன். அதே ஜனவரியில் கிளிண்டன் தன் சொந்தப் பணம் 5 மில்லியனைத் தன் பிரச்சாரத்துக்கே கடனாகக் கொடுத்தார். முந்தைய வருஷத் தலைப்புச் செய்திகளை மட்டும் படித்தவர்களுக்கு இது அதிர்ச்சி. உச்சவரம்பை எட்டிவிட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி இல்லை.

அந்த ஜனவரி 3 இரவு எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பக்கத்து வீட்டு அம்மா, அப்போதே எழுபது வயது, காக்கஸ் பார்க்கத் தன்னோடு கூட்டிப்போனார். காக்கஸ் என்றால் கட்சிக்காரர்கள் ஓரிடத்தில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது. பள்ளிக்கூட ஜிம். ஓட்டில்லாதவர்கள் சுவரோரம் உட்கார்ந்து பார்க்கலாம். வந்தவர்களுக்கு நாற்காலி போதாமல், கோட்டையும் தொப்பியையும் கூடைப்பந்துக் கம்பத்தடியில் குவித்துவிட்டு நின்றார்கள். (2004-இல் மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சிக் காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 1,24,000 பேர், அன்றைக்கு சுமார் 2,39,000.) ஒபாமாவுக்கு ஒரு மூலை, கிளிண்டனுக்கு ஒரு மூலை, இன்னொரு வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸுக்கு மேடைப் பக்கம். ஓட்டுச் சீட்டு கிடையாது, ஆளாகப் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். நம் அம்மா ஜோ பைடனுக்காகப் போய் நின்றார். அவரோடு சேர்த்து ஏழு பேர். 15 சதவீதம் சேரவில்லையென்றால் அந்தக் குழு கலைய வேண்டும். மற்ற மூலைகளிலிருந்து தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் வந்து அந்த ஏழு பேரையும் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டார்கள். அம்மா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு எட்வர்ட்ஸ் பக்கம் போனார். பைடன் அன்றிரவே போட்டியிலிருந்து விலகிவிட்டார்.

அதே பைடன் 2020-இல் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ஷையரில் ஐந்தாவது. பணமும் வறண்டுபோயிருந்தது. பிப்ரவரி 29-இல் தென் கரோலினாவில் ஜெயித்தார், மூன்று நாள் கழித்து, பல மாநிலங்கள் ஒன்றாக ஓட்டுப் போடும் சூப்பர் செவ்வாயன்று, கதையே மாறிவிட்டது. அதனால் கையிருப்பும் ஜோசியம் இல்லை. அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இன்னும் எத்தனை வாரம் இவரால் தாக்குப்பிடிக்க முடியும்? அடுத்து எந்த மாநிலம், அது இவருக்குச் சாதகமானதா என்று பக்கத்திலேயே தேதியையும் வைத்துப் பாருங்கள்.

டல்லாஸ்வாசி

அக்கா நல்லாச் சொன்னீங்க. ஆனால் இந்தச் சின்ன நன்கொடைக் கணக்கெல்லாம் பழைய கதை என்பது என் எண்ணம். 2010-இல் நீதிமன்றத் தீர்ப்புகள் வந்து சூப்பர் பேக்குகளுக்கு, அதாவது வேட்பாளரைச் சேராமல் தனியாகப் பணம் திரட்டிச் செலவு செய்யும் அமைப்புகளுக்கு, வழி திறந்தது. அவற்றுக்கு உச்சவரம்பே இல்லை, ஒரே ஆள் பத்து மில்லியன் கொடுக்கலாம். 2012-இல் நியூட் கிங்ரிச்சைக் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் பிடித்து நிறுத்தி வைத்தது ஆடெல்சன் என்ற ஒரே குடும்பத்தின் பணம். பெரிய கை பின்னால் இருந்தால் போதும். படிவத்தின் 10-ஆவது வரியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

அயோவா அக்கா

கிங்ரிச் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், மறுக்க மாட்டேன். ஒரே குடும்பம் ஒரு வேட்பாளரின் ஆயுளை நீட்டிக்கிறது என்பது எனக்கு மனசுக்கு ஒப்பாத விஷயம். ஆனால் சூப்பர் பேக் பணத்தால் என்ன வாங்க முடியாது என்பதையும் பாருங்கள். வேட்பாளரோடு சேர்ந்து திட்டம் போட்டு விளம்பரச் செலவு செய்ய அதற்கு அனுமதி இல்லை. ஊழியர் சம்பளம், விமான டிக்கெட், மாநிலங்களில் பெயர் பதிவு செய்யக் கட்டணம், இதெல்லாம் வேட்பாளரின் சொந்தப் பிரச்சாரக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். 2015-இல் விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கருக்காக சூப்பர் பேக்கில் 20 மில்லியன் சேர்ந்திருந்தது. பிரச்சாரக் கணக்கு காலியானதால் செப்டம்பரிலேயே விலகிவிட்டார். ஒரு ஓட்டுகூட விழவில்லை.

டிவி விளம்பரத்திலும் அப்படித்தான். பிரைமரிக்கு முந்தைய 45 நாள் வேட்பாளருக்கு நிலையங்கள் தங்களுடைய மிகக் குறைந்த கட்டணத்தில்தான் நேரம் தர வேண்டும், சட்டம் அது. சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அதே முப்பது விநாடிக்குப் பல மடங்கு கொடுக்கும். ஆக, வேட்பாளரின் டாலருக்கும் சூப்பர் பேக்கின் டாலருக்கும் ஒரே மதிப்பில்லை.

அதே குடியரசுக் கட்சிப் போட்டியில் இருந்த ஜெப் புஷ்ஷுக்கான சூப்பர் பேக் 2015-இன் முதல் பாதியிலேயே 100 மில்லியனைத் தாண்டியது. எங்கள் ஊர் டிவியில் அந்த டிசம்பர் முழுக்க அவர் முகம்தான். அயோவாவில் 3 சதவீதம்கூட வரவில்லை, பிப்ரவரி 20-இல் விலகினார். 2020-இல் மைக்கேல் புளூம்பெர்க் தன் சொந்தப் பணம் ஒரு பில்லியனுக்கு மேல் செலவழித்தார். சூப்பர் செவ்வாயன்று ஜெயித்த ஒரே இடம் அமெரிக்கன் சமோவா.

சின்ன நன்கொடை பழைய கதை இல்லை என்பதற்கு இன்னொன்று. விவாத மேடை ஏறுவதற்கே கட்சிகள் நன்கொடையாளர் எண்ணிக்கை கேட்டிருக்கின்றன. 2019-இல் ஜனநாயகக் கட்சி முதலில் 65,000 பேர் என்றது, செப்டம்பருக்குள் 1,30,000 ஆக்கியது. 2023-இல் குடியரசுக் கட்சி 40,000 கேட்டபோது வட டகோட்டா ஆளுநர் டக் பர்கம் ஒரு டாலர் கொடுப்பவருக்கு 20 டாலர் பரிசு அட்டை அனுப்பினார். மில்வாக்கியில் நடந்த விவாத மேடையிலும் ஏறினார். அதனால் ‘நன்கொடையாளர்’ எண்ணிக்கையைப் படிக்கும்போதும், அது எப்படி வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் வலித்தது 2019 டிசம்பர் 3. கமலா ஹாரிஸ் அன்றைக்குத்தான் விலகினார். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள். தாத்தாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். அந்த இலையுதிர் காலத்தில் நியூ ஹாம்ஷையர் அலுவலகங்களை மூடிவிட்டு ஆட்களை எங்கள் மாநிலத்துக்கு அனுப்பியிருந்தார். அக்டோபர் அறிக்கையில் செலவு வரவைத் தாண்டியிருந்ததைப் பார்த்தபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தொடர்ந்து நடத்தப் பணமில்லை, சொந்தமாகப் போட நான் கோடீஸ்வரி இல்லை என்றுதான் அவரும் அறிவித்தார். அவருக்காகக் காக்கஸில் போய் நிற்க நான் தயாராக இருந்தேன், அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அப்போதுதான் குடியுரிமை வாங்கியிருந்தேன்.

2024 ஜூலை 21-இல் பைடன் விலகியதும் நான் முதலில் தேடியது பேச்சையோ பேட்டியையோ அல்ல, ஜூன் மாத அறிக்கையின் 10-ஆவது வரியை. சுமார் 96 மில்லியன். துணை வேட்பாளராக ஹாரிஸ் பெயரும் அந்தப் பிரச்சாரக் குழுவில் இருந்ததால் அவரால் அதை எடுத்து நடத்த முடிந்தது. வேறு யார் வந்திருந்தாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அடுத்த 24 மணி நேரத்தில் இன்னும் 81 மில்லியன் வந்தது.

நெல்லைக்காரன் (எடிசன், நியூ ஜெர்சி)

அக்கா, ரொம்ப நன்றி. இப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டு சந்தேகம் மட்டும். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று நாமே பார்க்கலாம் என்கிறார்களே, நிஜமா? நன்கொடை வேண்டாம், பிரச்சாரக் கடையில் ஒரு தொப்பியோ டி-ஷர்ட்டோ வாங்கினால் பரவாயில்லையா?

அயோவா அக்கா

தொப்பியும் கூடாது தம்பி. வேட்பாளரின் கடையில் வாங்கும் பொருளுக்குக் கொடுக்கும் முழுத் தொகையும் நன்கொடையாகத்தான் கணக்கு. கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பட்டியல் நிஜம்தான். ஒரு வேட்பாளருக்கு மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுத்தால் பெயர், ஊர், வேலை, வேலை செய்யும் இடம் எல்லாம் ஆணையத்தின் தளத்தில் வந்துவிடும். நம் கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி, ஆனால் ஊரே புரட்டிப் பார்க்கலாம். நான் முதல் தடவை தேடியபோது, என்னோடு தினமும் மதியம் சாப்பிட உட்காரும் ஒருவர் நான் ஆதரிக்காத கட்சிக்கு 250 கொடுத்திருப்பது தெரிந்தது. அதைப் பற்றி அவரிடம் நான் பேசவில்லை. அந்தப் பட்டியலை எடுத்து வியாபாரத்துக்கோ வசூலுக்கோ பயன்படுத்துவதும் சட்ட விரோதம்.

கொடுக்கும் தகுதி வந்த பிறகு ஒரு எச்சரிக்கை. நான் ஒரு வேட்பாளருக்கு 15 டாலர் கொடுத்தேன், யார் என்று சொல்லப்போவதில்லை. பக்கத்தின் அடியில் ‘மாதாமாதம்’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார்கள். நான்கு மாதம் கழித்துக் கார்டு அறிக்கையில்தான் கண்ணில் பட்டது. பணம் திரும்ப வந்தது, ஆனால் அப்படி வாங்குவது எனக்கு இன்னும் கோபம்தான். கடைசிவரை கீழே இழுத்துப் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

தேர்தலுக்கு முந்தைய வருஷத்தில் அறிக்கைகள் ஏப்ரல் 15, ஜூலை 15, அக்டோபர் 15, அப்புறம் ஜனவரி 31. தேர்தல் வருஷத்தில் பெரும்பாலும் மாதாமாதம் 20-ஆம் தேதி. நல்ல வரவு வந்தவர்கள் காலாண்டு முடிந்த இரண்டு மூன்று நாளிலேயே தாங்களாகச் சொல்லிவிடுவார்கள். 15 வரை வாயைத் திறக்காதவருடைய படிவத்தை முதலில் திறந்து பாருங்கள்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் உங்களுக்கு நியூ ஹாம்ஷையர் ஐந்து மணி நேரக் கார் பயணம்தான். ஒரு சனிக்கிழமை போய் ஏதாவது ஒரு பிரச்சார அலுவலகத்தில் கேட்டால் கதவு தட்டி ஆதரவு கேட்க வேண்டிய தெருக்களின் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இங்கே 2007 டிசம்பரில் சாதாரண ஷூவோடு கதவு தட்டப் போய் இரண்டாவது தெருவிலேயே நான் சறுக்கி விழுந்தேன், பக்கத்து வீட்டு அம்மாதான் தன் மகளுடைய பழைய பூட்ஸைக் கொடுத்தார். அடியில் நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் ஒன்று இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உள்ளே மெல்லிசாக ஒன்று, மேலே கனமாக ஒன்று என்று இரண்டு ஜோடிக் கையுறை. பேனா பிடிக்க வேண்டியிருக்கும்.