2007 கோடநாடு படம்: பழைய வண்ணமா, புதிய கருப்பு வெள்ளையா?

குன்னூர்க்காற்று:
2007 ஜனவரியில் கோடநாடு காட்சிமுனையில் எடுத்த படம். நிக்கான் டி80, காலை ஏழேகால் மணி. முன்னால் தேயிலைச் சரிவு, கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் அடுக்கடுக்காக மலைகள். அன்று நீலத்தையும் பச்சையையும் கண்ணைக் குத்தும் அளவுக்கு ஏற்றி இணையத்தில் போட்டிருந்தேன். போன வாரம் பழைய வன்தட்டில் அதன் ரா கோப்பு, அதாவது கேமரா பதிந்த பதப்படுத்தாத மூலத் தரவு, கிடைத்தது. மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் கருவியைப் போட்டு, சிவப்பு ஃபில்டர் வைத்த மாதிரி நீலத்தை இறக்கி, கருப்பு வெள்ளையாகச் செய்தேன். வானம் கறுத்து, மலை விளிம்புகள் கத்தி போல வந்திருக்கின்றன. பழையது, புதியது இரண்டையும் இணைத்திருக்கிறேன். பழையதை ஆல்பத்திலிருந்து நீக்கிவிடலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

வெயில்முற்றம்:
நீக்காதீர்கள் அண்ணா. அந்த நீலம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் பனிக்காலக் காலையின் ஈரம் இருந்தது. புதியதில் மலை மட்டும்தான் இருக்கிறது, காலை இல்லை. வண்ணம் சரியாக அமையாத படத்தையெல்லாம் கருப்பு வெள்ளையில் தள்ளிவிடும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. வண்ணத்தைச் சரிசெய்வது கடினம், அதனால் தப்பித்துக்கொள்கிறோம்.

பிக்சல்பாண்டி:
தப்பித்தல் என்பது சரியில்லை. ரா கோப்பில் வண்ணமே முடிவாகியிருக்காது. கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாரின் கட்டங்களில் பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம், அவ்வளவுதான். அதைப் படமாக்குவது மென்பொருள். 2007இல் இருந்த மென்பொருளை விட இன்றைக்கு இருப்பது நிழலையும், புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸையும் பல மடங்கு நன்றாகக் கையாள்கிறது. அதே கோப்பிலிருந்து இன்று கூடுதல் விவரம் எடுக்க முடியும்போது ஏன் எடுக்கக் கூடாது? பழைய ஜேபெக், அதாவது அன்று செய்து முடித்த படம், அன்றைய கருவியின் குறை. அதை நினைவுச்சின்னமாக்க வேண்டாம்.

நெகட்டிவ்பெட்டி:
நான் முப்பது வருஷம் மதுரையில் ஸ்டுடியோ டார்க் ரூமில் நின்றவன். இந்தச் சண்டை புதிதில்லை தம்பிகளா. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊரில் நிலா எழும்போது ஒரு படம் எடுத்தார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு நினைவில் இருந்ததால் ஃபிலிமுக்கு எவ்வளவு ஒளி விடுவது என்ற எக்ஸ்போஷரை மனக்கணக்காகவே வைத்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. கீழ்ப்பகுதி மெலிந்திருந்ததால் 1948இல் அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் தடிமனாக்கினார். முதலில் போட்ட பிரிண்ட்களில் வானம் சாம்பல், மேகக் கீற்றுகள் தெரியும். 1970களில் போட்டவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. நெகட்டிவ் ஸ்வரக்குறிப்பு என்றால் பிரிண்ட் கச்சேரி என்ற கருத்து அவருடையதுதான். ஒரே கீர்த்தனையை இருபது வயதிலும் அறுபது வயதிலும் ஒரே மாதிரி பாட யாரால் முடியும்? குன்னூர்க்காற்று தம்பி மறுபடி செய்ததில் தவறே இல்லை.

வெயில்முற்றம்:
ஐயா, அந்த உதாரணம் என் பக்கம்தான் சேர்கிறது. ஆடம்ஸின் ஆரம்பகாலப் பிரிண்ட்கள் இன்றும் இருக்கின்றன. அதனால்தான் வானம் எப்படிக் கறுத்துக்கொண்டே போனது என்று நீங்கள் இங்கே சொல்ல முடிகிறது. அண்ணா பழையதை நீக்கப் போகிறார்.

இன்னொன்று, அண்ணா. உங்கள் இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2007 படத்தில் பள்ளத்தாக்கின் அடியில், இடப்புறம், நூல் போல ஒரு புகை மேலே வந்து, வளைந்து, கலைகிறது. யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். புதியதில் அந்தப் புகை இல்லை. கடைசி இரண்டு மலையடுக்குகளும் ஒன்றாகிவிட்டன. எதைத் துடைத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை.

குன்னூர்க்காற்று:
பார்த்தேன். நீங்கள் சொல்வது உண்மை. இத்தனை வருஷத்தில் நானே அந்தப் புகையைக் கவனித்ததில்லை. ஆனாலும் ஒரு புகைக்காக மொத்தப் படத்தையும் விட்டுவிட மனம் வரவில்லை. நான் அன்று அங்கே நின்றபோது என்னை உலுக்கியது அந்தப் பாறைகளின் கனம். அது பழைய வண்ணப் படத்தில் துளிகூட இல்லை.

நெகட்டிவ்பெட்டி:
புகை ஏன் போனது என்று சொல்கிறேன். விறகுப் புகையின் துகள் மிக நுண்ணியது, நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். தூரத்து மலை நீலமாகத் தெரிவதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். சிவப்பு ஃபில்டர் அந்த நீலத்தை வெட்டும், கூடவே புகையையும் வெட்டும். உண்மையான மூடுபனி என்றால் இப்படிப் போகாது. அதன் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். தம்பி, நீலத்தை இறக்காமல் ஏற்றிப் பாருங்கள். 1860களில் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் எடுத்த இமயமலைப் படங்களில் தூரம் வெளிறி வெளிறிப் போகும், கவனித்திருக்கிறீர்களா? அக்கால நெகட்டிவ் முக்கியமாக நீல ஒளியைத்தான் பார்த்தது.

பிக்சல்பாண்டி:
செய்யலாம், ஆனால் நீலக் கட்டங்கள் மொத்தத்தில் கால் பங்குதான். பத்து மெகாபிக்சல் கேமராவில் இரண்டரைதான் மிஞ்சும். நாய்ஸ் கொட்டும். முதலில் நாய்ஸைக் குறைத்துவிட்டு அப்புறம் எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமாக வர வேண்டும் என்ற கருப்பு வெள்ளைக் கலவைக்குப் போங்கள். வானமும் வெளுத்துவிடும். அங்கே வேறு நாள் எடுத்த மேகத்தை வைத்தால் படம் முழுமையாகும்.

வெயில்முற்றம்:
மேகத்தை வைப்பதா? அது மறுபடி செய்வது அல்ல, வேறு படம்.

பிக்சல்பாண்டி:
1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் என்ன செய்தார்? காகித நெகட்டிவில் வானம் வெறுமையாக வந்ததால் தூரிகையை எடுத்து நெகட்டிவ் மேலேயே மேகம் தீட்டினார். மரங்களின் இலைகளைக்கூடத் தொட்டுச் சரிசெய்திருக்கிறார். அந்தப் படங்களை நாம் ஆவணம் என்றுதானே போற்றுகிறோம்?

வெயில்முற்றம்:
கோயிலுக்காகப் போற்றுகிறோம், மேகத்துக்காக அல்ல. அன்று அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அண்ணாவின் கோப்பில் அந்தக் காலையின் வானம் இருக்கிறது. வெளிறியிருந்தால் வெளிறியே இருக்கட்டும்.

நெகட்டிவ்பெட்டி:
இதில் நான் வெயில்முற்றம் அம்மா பக்கம். வெயிலைக் கூட்டலாம், குறைக்கலாம். இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதற்கு என் கை ஒருநாளும் துணிந்ததில்லை. வாடிக்கையாளர் கேட்டுக்கூட மறுத்திருக்கிறேன்.

குன்னூர்க்காற்று:
ஐயா சொன்னபடி நேற்று ராத்திரி மறுபடி உட்கார்ந்தேன். டீஹேஸை எடுத்துவிட்டு, நீலத்தை ஏற்றினேன். புகை வந்துவிட்டது! பின்னால் ஐந்து அடுக்குகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. வானம் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கிறது, மேகம் எதுவும் வைக்கவில்லை. நாய்ஸ் கொஞ்சம் இருக்கிறது, பழைய ஃபிலிமின் துகள் போல இருப்பதால் விட்டுவிட்டேன். பாறையின் கனம் குறைந்தது வருத்தம்தான். பழைய வண்ணப் படத்தை நீக்கவில்லை. மூன்றையும் ஆண்டு போட்டு வரிசையாக வைத்திருக்கிறேன்.

வெயில்முற்றம்:
புகையைப் பார்த்தேன் அண்ணா, மிக்க நன்றி. ஆனால் தேயிலைச் சரிவின் வலது மூலையைப் பாருங்கள். 2007 படத்தில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவர் வரப்பில் நடந்துபோகிறார். இப்போது அவரைக் காணோம். செடியோடு செடியாகக் கறுத்துவிட்டார்.

பிக்சல்பாண்டி:
நீலத்தை மட்டும் நம்பினால் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே இருண்டுவிடும். கருப்பு வெள்ளைக் கலவையில் சிவப்பு ஸ்லைடரைத் தனியாக ஏற்றுங்கள். ஆள் வெளிச்சமாக வந்துவிடுவார், புகையும் போகாது.

வெயில்முற்றம்:
வருவார், வெளிர் சாம்பல் புள்ளியாக. சிவப்பாக வரமாட்டார். அந்தப் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் அந்த ஒரு சிவப்பைப் பார்த்துத்தான் அன்று எவ்வளவு குளிர் என்று எனக்குத் தெரிந்தது.

குன்னூர்க்காற்று:
அந்த ஆளையும் இப்போதுதான் பார்க்கிறேன். ரா கோப்பை மறுபடி திறக்கிறேன், இந்த முறை வண்ணத்தில். நீலத்தை 2007 அளவுக்கு ஏற்றாமல் செய்து நாளைக்குப் போடுகிறேன்.