ஷஃபிளை அணைத்துவிட்டு கடைசியாக முழுசாகக் கேட்ட ஆல்பம் எது?

தெற்குவாசல்:
போன வாரம் ஊருக்குப் போகும்போது இரவு பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. போனில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ கிடந்தது. 1986இல் வந்தது, எத்தனையோ தடவை கேட்டதுதான், ஆனால் எல்லாம் துண்டு துண்டாக, ஏதோ ஒரு பிளேலிஸ்டுக்கு நடுவில் ஒன்று வந்து போகும். அன்றைக்குத்தான் ஷஃபிளை அணைத்துவிட்டு முதலிலிருந்து வரிசையாகக் கேட்டேன். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ வந்தது. ஜெர்மன் இசைமேதை பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா என்ற இசைத்தொகுப்பின் தொடக்கம் அதில் அப்படியே ஓடும், ராஜா அதைச் சுற்றித் தன் ஸ்ட்ரிங்ஸைப் பேச விட்டிருப்பார். அது முடிந்து அடுத்தது தொடங்கியபோது பெயரைப் பார்க்கிறேன், ‘அண்ட் வி ஹேட் எ டாக்’. பாக்கை என் வீட்டில் பார்த்தேன், பேசிக்கொண்டிருந்தோம். இரண்டும் ஒரே வாக்கியம்! இத்தனை வருஷமாக அதன் பாதியை ஒருநாளும் மறுபாதியை வேறொரு நாளுமாகக் கேட்டிருக்கிறேன், வெட்கமாகத்தான் இருந்தது.

நீங்கள் சமீபத்தில் இப்படி உட்கார்ந்து கேட்டது எது? தனிப் பாட்டு வேண்டாம், முழு ஆல்பமாகச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:
அந்த ஆல்பத்தை என்னால் ஆல்பமாகக் கேட்கவே முடியாது. பாலு மகேந்திரா ‘வீடு’ படத்துக்கு அந்த இசையைத்தான் பின்னணியாக வைத்தார், பாட்டே இல்லாத படம். வயலின் எழும்பினாலே அதில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய சுவரைத் தொட்டுப் பார்ப்பதுதான் கண்ணில் வருகிறது. நாங்களும் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தோம், சிமெண்ட் மூட்டைக்குக் காவலாக நான்தான் ராத்திரி படுத்திருப்பேன், அதுவும் ஒரு காரணம். நீங்கள் சொல்லும் பாக் எல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விஷயம்.

பழைய டேப்:
நான் இந்த மாதம் கேட்டது 1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’, அதுவும் ராஜாதான், புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌரசியா. எங்கள் ஊரில் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் 60 நிமிஷ கேசட்டில் பதிந்து தருவார்கள். நான் ஏற்கெனவே இரண்டு பக்கமும் சினிமாப் பாட்டாக எழுதிக் கொடுத்துவிட்டேன், கடைக்காரர் கடைசியில் கொஞ்சம் டேப் மிச்சம் இருக்கிறதே என்று தலைப்புப் பாட்டை அதில் திணித்துவிட்டார். குழல் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே டொக் என்று நின்றுவிடும். வருஷக்கணக்கில் எனக்கு அந்தப் பாட்டு அங்கேதான் முடிந்தது. இப்போது போனில் மீதியையும் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இடம் நெருங்கும்போது கை தானாக பட்டனைத் தேடுகிறது. ‘மொசார்ட் ஐ லவ் யூ’ கொஞ்சம் மிட்டாய்த்தனம் என்று தோன்றியது, அடிக்க வராதீர்கள்.

கடம் ரசிகன்:
கிட்டார் ஜான் மெக்லாக்லினும் தபலா ஜாகிர் ஹுசேனும் நம்மூர்க் கலைஞர்களோடு சேர்ந்து ஜாஸையும் கர்நாடக இசையையும் கலந்த சக்தி குழுவின் ‘திஸ் மொமெண்ட்’. 2023இல் வந்து அடுத்த ஆண்டு கிராமி வாங்கியது. முதல் பாட்டே ‘ஸ்ரீனிஸ் ட்ரீம்’, மாண்டலின் ஸ்ரீனிவாஸ் நினைவாகச் செய்தது. அவர் 2014இல் போகும்போது வயது 45தான். குழுவில் அவர் இருந்த இடத்தில் இதில் கணேஷ் ராஜகோபாலன் வயலின். 2024 டிசம்பரில் ஜாகிர் ஹுசேனும் போன பிறகு கேட்பதால் தபலா வரும் இடமெல்லாம் வேறு மாதிரி காதில் விழுகிறது.

ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா, ரொம்ப வழவழவென்று இருக்கிறது. ஆளுக்கொரு ஊரில் இருந்து வாசித்து ஒட்டியதாலோ என்னவோ, யாரும் யாரையும் துரத்தவில்லை. அதைக் கேட்டுவிட்டு உடனே அவர்களுடைய முதல் ஆல்பத்துக்குப் போனேன், 1975 ஜூலையில் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிந்தது. ‘ஜாய்’ மட்டும் 18 நிமிஷம். எல். சங்கர் வயலினில் ஒன்றைப் போடுவார், மெக்லாக்லின் கிட்டாரில் அதைவிட வேகமாகத் திருப்பித் தருவார், அடியில் விக்கு விநாயக்ராம் கடம் கொதித்துக்கொண்டே இருக்கும். நெருப்பு என்றால் அது. 48 வருஷம் கழித்து செய்ததில் விக்குவின் மகன் செல்வகணேஷ் வாசிக்கிறார் என்பது ஒரு ஆறுதல்.

தெற்குவாசல்:
@கடம் ரசிகன், வயசான ஆட்களை அவர்களுடைய இளமையோடு மோத விடுகிறீர்களே, நியாயமா? நான் சொன்ன ஆல்பத்திலேயே ‘டோன்ட் கம்பேர்’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக் கேளுங்கள்.

கடம் ரசிகன்:
கேட்டேன் சார். அதற்கு முந்தின இரண்டு அளவுக்கு இல்லை :)

நெய்பொடி:
நான் சமைக்கும்போதும் ஸ்கூட்டியிலும்தான் பாட்டு கேட்கிற ஆள், 18 நிமிஷம் என்றாலே பயமாக இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

தெற்குவாசல்:
பாக்கும் அதற்கு அடுத்ததும். இரண்டு மட்டும், ஆனால் சேர்த்துக் கேளுங்கள். ஸ்கூட்டியில் வேண்டாம்.

நெய்பொடி:
இன்றைக்கு மதியம் முயற்சி செய்தேன் அண்ணா. வீட்டில் பார்த்தது வரைக்கும் ஆயிற்று, ரொம்பப் பிடித்தது. பேச ஆரம்பித்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர்காரர் பெல் அடித்துவிட்டார். ராத்திரி மறுபடியும் முதலிலிருந்து போடணும்.