லீ ஃபீல்ட்ஸை நேரில் கேட்டவர்கள்

நியூ ஜெர்சியிலிருந்து:

உருகிப் பாடும் சோல் இசையும், தாளத்தால் ஆட வைக்கும் ஃபங்க் இசையும் பாடுகிற அமெரிக்கர் லீ ஃபீல்ட்ஸ். அவர் மேடையில் பாடிக் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் புரூக்ளினில் கேட்டேன். அப்போதே அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஜிகினா மின்னும் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார், முதல் பாட்டு முடிவதற்குள் சட்டைக் காலர் தொப்பலாக நனைந்துவிட்டது. மேடையை ஒட்டி நின்றதால் ஒன்றைக் கவனிக்க முடிந்தது. தொண்டை கிழியக் கத்தப் போகிறார் என்றால், அதற்கு ஒரு நொடி முன்பே மைக் ஒரு முழம் தள்ளிப் போய்விடும். அடுத்த வரியை முணுமுணுக்க வேண்டும் என்றால் உதட்டோடு ஒட்டிக்கொள்ளும். சவுண்ட் என்ஜினீயர் பார்க்க வேண்டிய வேலையை அவர் கையே பார்த்துக்கொள்கிறது. நல்ல ஸ்பீக்கர் இல்லாத சின்னச் சின்ன கிளப்புகளில் காலத்தை ஓட்டியவருக்குத்தான் இது வரும்.

ஓட்டியவர்தான் அவர். 1950-ல் வட கரோலினாவின் வில்சன் ஊரில் பிறந்து, பதின்ம வயதிலேயே நியூயார்க்குக்கு வந்தார். 1969-ல் முதல் சிங்கிள் (தனிப் பாட்டுத் தட்டு) 'பிவில்டர்ட்', அதுவும் ஃபங்க் இசையின் பெரிய நட்சத்திரம் ஜேம்ஸ் பிரவுன் ஏற்கெனவே பாடிய பாட்டு. இவருடைய முகமும் குரலும் ஜேம்ஸ் பிரவுனை நினைவூட்டியதால் 'லிட்டில் ஜேபி', அதாவது குட்டி ஜேம்ஸ் பிரவுன், என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால், அந்தப் பட்டம் அவருக்குக் கெடுதல்தான் செய்தது. அசல் ஆளே ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருக்கும்போது நகலுக்கு எவன் டிக்கெட் எடுப்பான்? 1979-ல் 'லெட்ஸ் டாக் இட் ஓவர்' என்று முதல் ஆல்பம் வந்தது. இன்று சேகரிப்பாளர்கள் அலைந்து தேடும் தட்டு, அன்று சீண்ட ஆளில்லை. எண்பதுகளில் சிந்தசைசரும் டிரம் மெஷினும் வந்து, பத்துப் பேர் கொண்ட ஃபங்க் குழுவுக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. மனிதர் ரியல் எஸ்டேட் தொழிலுக்குப் போனார். தொண்ணூறுகளில் 'மீட் மீ டுநைட்' தென் மாநிலங்களில் ஓடியது, அந்த வட்டாரத்தில் மறுபடி பாட வாய்ப்பு கிடைத்தது.

கச்சேரி முடிந்ததும் தட்டு விற்கும் மேசைக்கு அவரே வந்து நின்றார். கையெழுத்து கேட்டு நீட்டினேன். என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பின்னால் நீள வரிசை. அவசரமே இல்லை.

பாரிஸிலிருந்து:

உங்களுக்குப் புரூக்ளின், எங்களுக்கு அவர் வந்து சேர்ந்தது வேறு வழியால். 2005, 2006 அளவில் இங்கே வானொலியைத் திறந்தால் லீ ஃபீல்ட்ஸ் பாடிய, பிரெஞ்சு டிஜே மார்ட்டின் சோல்வெய்க்கின் 'எவ்ரிபடி', பிறகு 'ஜெலசி'. கிளப்புகளில் ஆடுகிற பிரெஞ்சு ஹவுஸ் இசை, ஆனால் பாடுகிற குரல் மட்டும் அந்த இசைக்குச் சம்பந்தமே இல்லாமல் கரகரவென்று இருக்கும். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் எங்கள் ஆட்களின் கடைகளிலும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஆர் பாடுகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆட வைக்கிற பாட்டில் பாடகரின் பெயர் ஆருக்கு வேணும்?

சில வருடங்கள் கழித்து, தங்கையின் மகன் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேடையில் அவருக்கு வாசிக்கிற எக்ஸ்பிரஷன்ஸ் குழு, அவரின் வயதில் பாதிகூட இல்லாத பெடியள். மனிதர் வாயைத் திறந்ததும் எனக்கு விளங்கிவிட்டது, இது அந்த வானொலிக் குரல். அன்றைக்கு 'ஜெலசி' பாடவில்லை. மண்டபத்தில் இருந்த சனமும் அதைக் கேட்க வரவில்லை. 'ஹனி டவ்' என்ற மெதுவான காதல் பாட்டு தொடங்கியதும் முன்வரிசையில் இருந்த ஒரு வயதுபோன பிரெஞ்சுத் தம்பதி கையைப் பிடித்துக்கொண்டு அசைந்தார்கள். தங்கையின் மகன் போனில் படம் எடுப்பதை நிறுத்திவிட்டான். அதைத்தான் நான் பெரிய சாதனை என்பேன்.

டொராண்டோவிலிருந்து:

நான் டிரம்ஸ் வாசிப்பவன், அதனால் கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லோரும் அவருடைய மெதுவான காதல் பாட்டுகளைக் கொண்டாடுகிறீர்கள். எனக்குத் தொண்ணூறுகளின் கடைசியில் டெஸ்கோ என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடிய கரடுமுரடான ஃபங்க்தான் உயிர். 'லெட்ஸ் கெட் எ குரூவ் ஆன்' ஆல்பத்தைத் தேதி சொல்லாமல் போட்டுக் காட்டினால் 1971 என்றுதான் சொல்வீர்கள். கேப்ரியல் ராத், ஃபிலிப் லேமன் என்ற இரண்டு பேர் நடத்திய சின்ன கம்பெனி அது. பளபளப்பாக்கும் வேலையே கிடையாது. ஸ்னேர் டிரம் பக்கத்து அறையில் அடிப்பது போல வறண்டு கேட்கும். பேஸ் கிட்டார் ஒரே வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும், அதன் மேல் இவர் உறுமுவார்.

இன்னொரு விஷயம். 1996-ல் இவருடைய ஒலிப்பதிவு ஒன்றுக்குப் பின்னணி பாட மூன்று பெண்களை வரச் சொல்லியிருந்தார்கள். வந்தது ஒருவர்தான், மூன்று பேர் பாட வேண்டியதையும் அவரே பாடிவிட்டார். ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்தவர். பெயர் ஷரன் ஜோன்ஸ், பின்னாளில் பெரிய சோல் பாடகி! அப்புறம் டெஸ்கோ பிரிந்தது. ராத் பக்கம் டாப்டோன் கம்பெனி வந்தது, லேமன் பக்கம் சோல் ஃபயர் கம்பெனி. ஷரனோடு வாசித்த டாப்-கிங்ஸ் குழுவைத்தான் பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் கேட்கிறோம். பழைய சோல் இசை மறுபடி உயிர்பெற்ற அந்தத் திருப்பமெல்லாம் தொடங்கிய அறையில் லீ ஃபீல்ட்ஸ் இருந்தார், ஆனால் அந்த வெளிச்சம் அவர் மேல் விழ இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

அவரை ஒருமுறை நேரில் பார்த்தேன். டிரம்மர் பக்கம் திரும்பித் தோளை ஒரு வெட்டு வெட்டினார், மொத்தக் குழுவும் கப்பென்று நின்றது. அதைப் பார்க்கவே டிக்கெட் காசு போதும்.

சென்னையிலிருந்து:

நேரில் பார்க்கும் கொடுப்பினை இல்லை, யூடியூப் புண்ணியத்தில்தான் பழக்கம். எதிலிருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்களேன்.

நியூ ஜெர்சியிலிருந்து:

டிரம்மர் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை, 2009-ல் வந்த 'மை வேர்ல்ட்' ஆல்பத்திலிருந்தே தொடங்குங்கள். ஐம்பத்தொன்பது வயதில் ஜேம்ஸ் பிரவுனின் நிழலை விட்டு முழுசாக வெளியே வந்துவிட்டார் என்று அதில் தெரியும். கத்தலைக் குறைத்து, கெஞ்சலைக் கூட்டியிருக்கிறார். அப்புறம் 2012-ன் 'ஃபெயித்ஃபுல் மேன்'. அம்மாவின் பெயரையே தலைப்பாக வைத்த 'எம்மா ஜீன்' 2014. 2022-ல் டாப்டோனுக்காக ராத் தயாரித்த 'சென்டிமென்டல் ஃபூல்' வந்தபோது அவருக்கு எழுபத்திரண்டு. குரலில் லேசான உடைசல் இருக்கிறது, அதையே பாட்டாக்கிவிடுகிறார். இவ்வளவும் பிடித்துப்போனால் டெஸ்கோ காலத்துக்குப் போங்கள், டொராண்டோக்காரர் மனம் குளிரட்டும். ஒன்றே ஒன்று, போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் கிட்டார் காணாமல் போய்விடும்.