கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்த தம்பியைத் தீபாவளிக்கு வீட்டுக்கு வரச் சொல்வதா?

பொகவந்தலாவைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்.

என் தம்பி கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நிற்கிறான். முந்தாநாள் காய்ச்சல். நேற்றுக் காலையில் நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளங்கள். பக்கத்து டிஸ்பென்சரியில் காட்டியிருக்கிறான். கொப்புளிப்பான்தான் என்று வைத்தியர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். கடை முதலாளி தூரத்தில் நின்றபடியே, “ஊருக்குப் போய் வீட்டில் இரு, எல்லாம் காய்ந்த பிறகு வா” என்று பஸ் காசை மேசையில் வைத்திருக்கிறார். முதலாளிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று தம்பிக்கு ஒரே சந்தோஷம். இன்றிரவு பஸ் ஏறவா என்று கேட்கிறான். தீபாவளியும் அடுத்த வாரம் வருகிறது.

இனி எங்கள் வீட்டைச் சொல்கிறேன். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பழைய லயன், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), நடுவில் ஒரு காம்பரா (அறை), பின்னால் அடுப்படி. இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். உள்ளே அப்பா, அம்மா, அப்பாயி, நான். அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் இடையிலுள்ள சுவர் கூரைத் தகரம் வரைக்கும் எட்டாது. அவர்கள் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. தண்ணீருக்குப் பீலி ஒன்றுதான், கழிவறையும் பொது.

அண்ணிக்கு இது நிறைமாதம். பேறுகாலத்துக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குச் சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியாது. சொல்லக்கூடிய தாய் இப்போது உயிரோடு இல்லை.

அம்மாவோ, “என் பிள்ளை கடைத் தட்டில் கேட்பாரில்லாமல் கிடப்பதா? வரட்டும், மாரியம்மா பார்த்துக்கொள்வாள்” என்று ஒரே பிடியாக நிற்கிறார். டவுனில் பூக்கடைக்காரரிடம் வேப்பிலைக்குக்கூடச் சொல்லி வைத்தாகிவிட்டது (இந்தக் குளிருக்கு எங்கள் பக்கம் வேம்பு ஏது, கீழ்நாட்டிலிருந்து வந்தால்தான் உண்டு). அப்பா வழக்கம்போல அம்மா சொல்வதற்குத் தலையாட்டுகிறார். அண்ணி வாயே திறக்கவில்லை. திறந்தால், புருஷனின் தம்பியை வீட்டுக்கு வரவிடாதவள் என்ற பேச்சு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களம் வரை போகும். அதனால்தான் அவருக்கும் சேர்த்து நான் கேட்கிறேன்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரலாமா? வந்தால் எத்தனை நாளைக்கு மற்றவர்களுக்குத் தொற்றும்? வேண்டாம் என்றால் அவனை எங்கே இருக்கச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவாப்பக்கத்து ஆள்:

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பஸ்ஸில் ஏற்றவே வேண்டாம். இரவு பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். தீபாவளி நெரிசலில் நிற்பதற்கும் இடமிருக்காது. கினிகத்தேனையைத் தாண்டினால் குளிருக்கு எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். அத்தனை மணி நேரம் அந்தக் காற்றைத்தான் எல்லோரும் மூச்சு விட வேண்டும். உங்கள் அண்ணியைப்போல எத்தனை பேர் அதில் மடியில் பையோடு உட்கார்ந்திருப்பார்களோ.

2020 நவம்பரில், கொரோனா நேரத்துத் தீபாவளியின்போது, மேல் மாகாணத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று தடை போட்டார்கள். என் மகனும் அந்த வருடம் கொழும்பிலேயே நின்றான். பண்டிகை அடுத்த வருடமும் வந்தது.

தட்டில் தூங்கியவன்:

மேலே எழுதிய ஐயா சொல்வது சரிதான். ஆனால் கடைத் தட்டில் தூங்காதவர்களுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று தெரியாது. நான் அங்கே வருடக்கணக்கில் கிடந்தவன். கடைக்கு மேலே பலகைத் தட்டு, நிமிர்ந்து நின்றால் தலை முட்டும். வெங்காய மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவில் பாய் போட்டு ஆறேழு பேர். பகலில் தகரச் சூடு. காய்ச்சல்காரனை அங்கே விட்டால் மற்றவர்களுக்கும் வரும். அப்போது முதலாளி அவர்களுக்கும் பஸ் காசு கொடுப்பார், ஒருவன் மஸ்கெலியாவுக்கு, ஒருவன் லுணுகலைக்கு என்று நோய் மலை முழுக்க ஏறும். பஸ் காசு தருவது பெரிய மனசு என்று உங்கள் தம்பி நினைக்கிறான் பாருங்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரும்பாலான கடைக்காரர்களுக்கு ஒரு களஞ்சிய அறையோ பின்கட்டோ இருக்கும். அதைக் கேளுங்கள். கூட வேலை செய்யும் பையன்களில் முன்பே கொப்புளிப்பான் வந்து போனவன் எவனாவது நிச்சயம் இருப்பான். அவன் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தால் பயமில்லை. எனக்கு அப்படித்தான் பசறைப் பையன் ஒருவன் கஞ்சி கொண்டுவந்து தந்தான். அவன் முகத்தில் பழைய தழும்பு இருந்ததை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை.

பழைய தோட்டத்து டிஸ்பென்சர்:

தங்கச்சி, தோட்டத்து மருந்துச்சாலையில் காலம் கழித்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். லயனில் ஒரு வீட்டில் கொப்புளிப்பான் வந்தால், இரண்டு வாரம் பொறுத்து அடுத்த வீட்டுப் பிள்ளை, அப்புறம் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பரா என்று வரிசையாக வரும். அதை நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே இது தொற்றும். கடைசிக் கொப்புளமும் பொருக்குக் கட்டும் வரை தொற்றும். வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள், பெரியவர்களுக்குச் சில நேரம் கூடவும் ஆகும். நாளை எண்ணுவதைவிட உடம்பைப் பாருங்கள். புதிதாக ஒன்றும் போடாமல் நீர் கோத்ததெல்லாம் காய்ந்துவிட்டால் வெளியே வரலாம். பொருக்கு உதிரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. காற்றில் பரவும் நோய், கொப்புள நீர் பட்டாலும் ஒட்டும். கூரைக்கு எட்டாத சுவர் என்று எழுதினீர்களே, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. முகக்கவசம் போடுவது நல்லது, ஆனால் ஓர் இரவு முழுக்கச் சாத்திய பஸ்ஸுக்கு அது போதாது.

இப்போது உங்கள் அண்ணியின் கணக்கைப் பாருங்கள். தொற்றிய நாளிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள் கொப்புளம் போடும். தம்பி நாளைக்கு வந்து இறங்கினால், அண்ணிக்குப் போடக்கூடிய காலம் சரியாகப் பேறுகாலத்தில் வந்து விழுகிறது. பிள்ளை பிறப்பதற்கு ஐந்து நாள் முன்பிருந்து பிறந்து இரண்டு நாள் வரைக்குள் தாய்க்குப் போட்டால், தாயிடமிருந்து எதிர்ப்புச் சக்தி போய்ச் சேர நேரமில்லாமலே பிள்ளை பிறந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு நோய் மிகக் கடுமையாக வரலாம். கர்ப்பிணிக்கும் நிமோனியா ஆபத்து உண்டு. இதை உங்கள் அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள். மருமகள் பேச்சு என்றால்தானே கோபம் வரும், பேரப்பிள்ளை பேச்சு என்றால் காது கொடுப்பார்.

அண்ணிக்கு முன்பு வந்ததா என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். கிளினிக்கில் கேளுங்கள், குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள். தப்பித்தவறி அவர் நோயாளியின் பக்கத்தில் இருந்துவிட்டால் கொப்புளம் வரட்டும் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆனால் போகுமுன் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். கர்ப்பிணிகள் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடாதீர்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் கிளினிக்கில் ஊசி போட்டாயிற்றே என்று சிலர் சொல்வார்கள். அந்த எம்.எம்.ஆர். ஊசி சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு. கொப்புளிப்பான் ஊசி அரசாங்க அட்டவணையில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அப்பாயி தன் கையிலுள்ள அம்மைக்குத்து வடுவைக் காட்டி எனக்குப் பயமில்லை என்பார். அது பெரியம்மைக்குக் குத்தியது, இதைத் தடுக்காது.

தம்பிக்கு: காய்ச்சலுக்குப் பெனடோல் மட்டும். அஸ்பிரின் கூடாது, புரூஃபனும் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். சொறிந்தால் சீழ் வைக்கும், தழும்பும் விழும். சொறிச்சலுக்குக் கலமைன் பூசலாம். குளிக்கக்கூடாது என்று வைத்தியத்தில் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பை நனைக்கலாம். பெரியவர்களுக்கு எசைக்ளோவிர் மாத்திரை உண்டு, கொப்புளம் போட்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன், ஆகவே வைத்தியரிடம் இன்றைக்கே கேட்கட்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், தலைவலியோடு பிதற்றினால் அங்கொடைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய ஐ.டி.எச். என்றால் ஓட்டோக்காரர் எல்லோருக்கும் தெரியும். சிகரெட் பிடிப்பவனா? அப்படியென்றால் நெஞ்சைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

வேப்பிலையை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வாசலில் அதைக் கட்டினால் விருந்தாளி உள்ளே வரமாட்டான். என் நோட்டீசை எவன் வாசித்தான்?

சங்கத்துக்காரர்:

ஒரு விடயம் விடுபட்டிருக்கிறது. கடை ஊழியர்களுக்கென்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. ஒரு வருடம் முடித்தவருக்கு வருடத்தில் 7 நாள் சம்பளத்துடன் அமய விடுமுறை, சுகவீனத்துக்கும் அதை எடுக்கலாம். அது போக 14 நாள் வருடாந்த விடுமுறை. முதல் வருடமென்றால் அமய விடுமுறை இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் கணக்கு. காய்ந்த பிறகு வா என்று முதலாளி சொன்னாரே, அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டீர்களா? வைத்தியச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு இந்த வசதியும் இல்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் போட்டார்கள். மலைக்கு ஏறாத நாளில் பேர் விழாது (வேலைநாளாகப் பதிய மாட்டார்கள்), பேர் விழாவிட்டால் அந்தக் காசும் இல்லை. கண்நோய் வந்து கண் சிவந்து நீர் ஊற்ற ஊற்றக் கொழுந்துக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருங்கள் என்று சொல்லும் துரைமார் அந்த நாளின் பேரைப் போட்டுவிட்டுச் சொல்லட்டும்.

பொகவந்தலாவைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. டிஸ்பென்சர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேரப்பிள்ளை என்ற இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. பிறகு, “அப்படியென்றால் நான் கொழும்புக்குப் போகிறேன்” என்றார். அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்து, நெற்றியில் தழும்பும் இருக்கிறது. ஆனால் கொழும்பில் அம்மா தங்குவதற்கு யார் வீடு இருக்கிறது? அண்ணிக்குத் துணையும் இங்கே அம்மாதான். ஒருவாறு சமாதானப்படுத்தினேன்.

முதலாளியோடு நானே பேசினேன். முதலில், “என் மற்றப் பிள்ளைகளையும் நான் பார்க்க வேண்டுமே, தங்கச்சி” என்றார். சட்டத்தின் வருடத்தையும் இலக்கத்தையும் சொன்னதும் குரல் இறங்கியது. பின்கட்டில் சாக்கு அடுக்கும் அறையை ஒழித்துத் தருகிறாராம், ஜன்னல் உண்டாம். சம்பளத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். பிறகு என்றால் எப்போது என்று நானும் விடவில்லை, மாத முடிவில் என்று சொல்லியிருக்கிறார். பார்ப்போம். தம்பியோடு நிற்கும் வட்டவளைப் பையனுக்கு முன்பே வந்து போய்விட்டது, சாப்பாட்டை அவன் பார்த்துக்கொள்கிறான். மாத்திரையும் இன்று தொடங்கியாயிற்று.

அண்ணியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்று எனக்கு மட்டும் தேநீரில் சீனி கூட.

ஒரே ஒரு கேள்வி. அம்மா பலகாரம் சுட்டுப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பப் போகிறார். அனுப்பலாமா? அவனுடைய அழுக்கு உடுப்பை அதே பஸ்ஸில் அனுப்பட்டும், துவைத்துத் தருகிறேன் என்றும் சொல்கிறார்.

பழைய தோட்டத்து டிஸ்பென்சர்:

பலகாரம் தாராளமாகப் போகலாம். வாய்க்குள்ளும் கொப்புளம் போட்டிருந்தால் முறுக்கைக் கடிக்க முடியாது, ஆகவே மெத்தென்று ஏதாவது சேர்த்து அனுப்புங்கள். முறுக்கை வட்டவளைப் பையன் சாப்பிடட்டும், அவனுக்கும் தீபாவளிதானே. உடுப்பு மூட்டை மட்டும் இங்கே வர வேண்டாம். அங்கேயே சவர்க்காரம் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடச் சொல்லுங்கள். கொழும்பில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.