ஜோவினுக்கு ரீட்டா அத்தை வாங்கின புக்கு

குழு: மாதா கோயில் தெரு வீடு

ரீட்டா அத்தை: [புகைப்படம்]

ரீட்டா அத்தை: ஞாயித்துக்கிழம ஜோவின் உறுதிபூசுதலுக்கு இதான் வாங்கிருக்கேன். புனிதராகணும்னுதான் மொத வரியே இருக்கு. வேற என்ன வேணும்

ரோஸ் பெரியம்மா: ஆமென்

சேவியர் மாமா: 🙏

பிரின்சி: அத்தை, பேப்பர் சுத்திட்டீங்களா?

ரீட்டா அத்தை: சுத்தியாச்சு. ஏன்

பிரின்சி: அந்த வரியச் சொல்லுதது ஒரு ரத்தக்காட்டேரி

பாஸ்கல்: 😂😂😂

ஸ்டெல்லா அக்கா: என்னது

பிரின்சி: ஆன் ரைஸ் எழுதுனது, ‘பிளட் கேன்டிகிள்’, 2003. நியூ ஆர்லியன்ஸ், கத்தோலிக்கக் குடும்பம்தான். வயசுப்பிள்ளையா இருக்கயிலயே கோயில விட்டுட்டாங்க. மகளுக்கு ரத்தப் புத்துநோய், ஆறு வயசுகூட முடியல, 1972 ஆகஸ்ட் 5ல தவறிட்டு. அதுக்கப்புறம் எழுதுன காட்டேரி கதைதான் 1976ல வந்து பேர் வாங்குச்சு. 1998ல திரும்பக் கோயிலுக்கு வந்தாங்க. அதான் இதுல லெஸ்டாட்டுங்குற காட்டேரி போப்பாண்டவரு, மெக்சிகோ புனிதர் ஹுவான் தியேகோன்னு பேசுதான்.

ரோஸ் பெரியம்மா: ஆகஸ்ட் 5ஆ. நம்ம பனிமய மாதா திருநாளு. பாவம் பிள்ள

ஸ்டெல்லா அக்கா: பிரியாணிக்கு எண்ணிக்கை சொல்லுங்க. 60ஆ 80ஆ

ரீட்டா அத்தை: காட்டேரி மனம் திரும்புனா நல்லதுதான?

பிரின்சி: திரும்புனாத்தான! புனிதராகணும்னுட்டு, கொஞ்ச நேரத்துலயே சாகக் கெடக்குத பொண்ணக் காட்டேரியாக்கிருதான். 1995ல வந்த புக்கக் கொற சொன்ன வாசகர்களுக்கு ஏச்சு வேற. 1976 புக்குல லூயின்னு ஒருத்தன் பாவசங்கீர்த்தனம் சொல்லப் போவான். சாமியார் நம்பமாட்டாரு. அவரையே கொன்னுருவான். படிச்சிட்டு எனக்கு ராத்திரி ஒறக்கமே வரல, பாவம் அவ்வளவு கனமாத் தெரிஞ்சுது. இதுல புனிதம் புனிதம்னு பேச்சுதான் கெடக்கு, செஞ்ச பாவத்துக்கு அபராதம்னு ஒரு அருள்நிறை மந்திரம்கூட லெஸ்டாட் சொல்லல.

பாஸ்கல்: சேவியர் மாமா மாதிரி

சேவியர் மாமா: ஏல

ஸ்டெல்லா அக்கா: 60ஆ 80ஆ

ரோஸ் பெரியம்மா: அந்தம்மா இப்ப பூசைக்குப் போறாங்களா?

பிரின்சி: 2010ல விட்டுட்டாங்க பெரியம்மா. சேசுவ விடல, சபையத்தான் விட்டேன்னாங்க. 2021ல எறந்துட்டாங்க

ரோஸ் பெரியம்மா: நித்திய இளைப்பாற்றி

ரீட்டா அத்தை: வாங்கிப் பத்து நாளாச்சு. திருப்பி எடுக்க மாட்டானாம்

பிரின்சி: எனக்குத் தாங்க

ரீட்டா அத்தை: சரியில்லன்னுதான சொன்ன

பிரின்சி: ஏங்கிட்ட உள்ளத எவனோ வாங்கிட்டுப் போயி தரல

பாஸ்கல்: நான் இல்ல

ரோஸ் பெரியம்மா: ரீட்டா, புதுநன்மைக்கு ஒரு மோதிரம் சொன்னியே. அதக் குடுத்தா முடிஞ்சுது

ரீட்டா அத்தை: அது தட்டார்ட்ட கெடக்கு அண்ணி

பாஸ்கல்: மூணு வருசமா. தட்டாருக்குப் பேரனே பொறந்துட்டு

ஸ்டெல்லா அக்கா: யாரும் ஒண்ணும் தரவேண்டாம். எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க

பாஸ்கல்: 70ன்னு வையி

சேவியர் மாமா: ஜோவினுக்கு வெரல் அளவு என்ன

சேவியர் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரோஸ் பெரியம்மா: நான் பாத்துட்டேன்