முக்காலி இல்லாமல் கேமராவை அசையாமல் பிடிக்க வழி உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம். கிளையில் அசையாமல் அமர்ந்திருக்கும் பறவைகளை மாலை வெளிச்சத்தில் 200 மி.மீ. லென்ஸால் எடுக்கும்போது, ஷட்டர் வேகம் 1/60 நொடிக்கு இறங்கிவிடுவதால், முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை மெல்ல விட்டபடி அழுத்தினாலும் படங்கள் கலங்கலாகவே வருகின்றன. இந்த லென்ஸுக்கு 1/200 நொடியாவது வேண்டும் என்ற பழைய விதியை அறிவேன். ஆனால் அதற்காக ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன் அளவை) உயர்த்தினால் படமெங்கும் புள்ளிகள் மண்டிவிடுகின்றன. முக்காலியைச் சுமந்து நடக்க என் முதுகு சம்மதிப்பதில்லை.

ஒற்றைக்கால் தாங்கி, மணல் நிரப்பிய துணிப்பை, கேமராவின் அடியிலுள்ள திருகுத் துளையில் கயிற்றைப் பொருத்தி மறுமுனையைக் காலால் மிதித்து விறைப்பாக இழுத்துப் பிடிக்கும் முறை ஆகியவற்றுள், அண்ணாந்து படமெடுக்கும்போதும் கைகொடுப்பது எது என்பதைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். ஒற்றைக்கால் தாங்கியில் லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட வேண்டுமா?