விஸ்கான்சின் குவார்ட்டர்ல எக்ஸ்ட்ரா இலையா, வெறும் கீறலா?

ஸ்டேட் குவார்ட்டர், அதாவது மாநிலத்துக்கு ஒரு டிசைன்னு வந்த அமெரிக்க 25 சென்ட் காயின், சேர்க்கறவங்க கொஞ்சம் பாருங்க. டெக்சாஸ்ல பேங்க்ல வாங்குன காயின் ரோல்ல 2004 விஸ்கான்சின் ஒண்ணு வந்துச்சு, டி மின்ட் மார்க், அதாவது டென்வர்ல அடிச்சது. பின்பக்க டிசைன்ல இருக்கற சோளக்கதிருக்கு இடது பக்கம் ஒரு கோடு கீழ வளைஞ்சு சீஸ் கிட்ட போகுது, லோ லீஃப் வெரைட்டி (கீழ வளைஞ்ச எக்ஸ்ட்ரா இலையோட வந்த, சேர்க்கறவங்க தேடற காயின்) மாதிரியே. லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வச்சு பாத்தேன், கோடு கீறல் மாதிரி பள்ளமா இல்ல, மேடாத்தான் தெரியுது, எடையும் 5.67 கிராம் சரியா இருக்கு, ஆனா காயின் ரொம்ப தேஞ்சிருக்கறதால நெட்ல உள்ள போட்டோவோட ஒப்பிட்டும் முடிவுக்கு வர முடியல. கழுவல, கழுவுனா மதிப்பே போயிடும். கடைக்காரர் ஒருத்தர் சும்மா பாத்துட்டு 25 சென்ட்தான்னுட்டார். ஈபேல கேக்கற விலைய நான் நம்பறதில்ல, அது கேக்கற விலை, வித்த விலை இல்லியே. இவ்ளோ தேஞ்ச காயினை ஃபீஸ் கட்டி கிரேடிங்குக்கு, அதாவது அசலான்னும் தரம் என்னன்னும் பாத்து சான்று தர்றவங்களுக்கு, அனுப்பலாமா?